ஜெலட்டின் ஹலாலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோன்பு மாதம் நெருங்கும்போதெல்லாம் ஜெல்லி, புட்டிங், கிரீம் கேக், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றைப் பற்றி ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. உணவைக் கெட்டிப்படுத்தவும் உறைய வைக்கவும் சேர்க்கப்படும் ஜெலட்டினை முஸ்லிம்கள் உண்ணலாமா என்பதே அது. அந்தப் பொருள் எப்படித் தயாராகிறது என்பதையும், மார்க்க அறிஞர்கள் அதைப் பற்றி என்ன முடிவு சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கீழே சேர்த்தே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது உணவுத் தயாரிப்பு. நான் முஃப்தி, அதாவது மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் அறிஞர், அல்லன். ஃபத்வா என்ற அந்தத் தீர்ப்பை வேண்டுவோர் தம் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போகும்போது கையில் கொண்டுபோக வேண்டிய விவரமாக இதைக் கொள்ளலாம்.

ஜெலட்டின் என்பது என்ன? அது ஒரு மாவா, இரசாயனமா?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், குர்பானி ஆட்டின் காலைப் பாயா வைத்து, மிஞ்சியதை இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். சட்டியைச் சாய்த்தாலும் ஆணம் ஓடாது. கரண்டியால் தட்டினால் குலுங்கும். மேலே படிந்த கொழுப்பை வழித்தெடுத்த பிறகு அடியில் மங்கலான கண்ணாடி போல நிற்கும் கட்டியை உறைய வைத்தது ஜெலட்டின்தான். எலும்பு, தோல், தசைநார் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்ற புரதம், நெடுநேரம் வெந்நீரில் கிடக்கும்போது கரைந்து, ஆறியதும் நீரைப் பிடித்துக்கொண்டு உறைகிறது. அடுப்பில் வைத்தால் மீண்டும் ஆணமாகிவிடும்.

தொழிற்சாலையில் நடப்பதும் அடிப்படையில் இதுவே, அளவுதான் பெரியது. மாட்டெலும்பாக இருந்தால், அதை நொறுக்கிக் கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைப்பார்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து போனபின் எஞ்சும் எலும்பு கையால் வளைக்கக்கூடிய இரப்பர் துண்டு போல இருக்கும். அதற்கு ஒசீன் என்று பெயர். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கழுவி, சூடான நீரில் படிப்படியாக வெப்பத்தைக் கூட்டி ஜெலட்டினைப் பிரித்தெடுத்து, வடிகட்டி, குளிரவைத்து, நூடுல்ஸ் போலப் பிழிந்து, காயவைத்து அரைக்கிறார்கள். பன்றித்தோலுக்கு இவ்வளவு நாள் தேவையில்லை. அமிலத்தில் ஊறவைத்தே விரைவில் எடுத்துவிடலாம். ஐரோப்பாவில் உணவு ஜெலட்டினின் பெரும்பகுதி பன்றித்தோலிலிருந்து வருவதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

கடைசியில் கிடைக்கும் பொடி எந்த விலங்கிலிருந்து வந்தாலும் இளமஞ்சள் நிறத்தில், மணமற்று, ஒன்றுபோலவே இருக்கும். கண்ணால் பார்த்தோ நாவில் வைத்தோ மூலத்தை அறிய முடியாது.

ஹலாலா, ஹராமா? ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதா?

முடியாது. "இறைச்சி ஹலாலா?" என்று யாராவது கேட்டால் நாம் என்ன திருப்பிக் கேட்போமோ, அதையே இங்கும் கேட்க வேண்டும்: எந்தப் பிராணி, அது எப்படி உயிர் துறந்தது? முறைப்படி அறுக்கப்பட்ட ஆடு, மாடு, எருமை, ஒட்டகம் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டின் ஹலால் என்பதில் எந்த மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட மரபிலும்) கருத்து வேறுபாடு இல்லை. பன்றியிலிருந்து எடுத்தது கூடாது என்பதே மிகப் பெரும்பான்மையான அறிஞர்களின் முடிவு. இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது, உண்ணத் தகுந்த பிராணியாக இருந்தும் முறைப்படி அறுக்கப்படாத, அல்லது அறுக்கப்பட்டதா என்றே தெரியாத மாட்டிலிருந்து வரும் ஜெலட்டின். நம் பக்கத்தில் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஒரு விதியை முதலிலேயே நினைவில் வைத்துக்கொண்டால் பிற்பாடு குழப்பம் குறையும். தாவரம், தாது, நீர் போன்றவற்றில், தடுக்கும் ஆதாரம் வரும்வரை அனுமதி என்பதே அடிப்படை. இறைச்சி வகையில் இது தலைகீழாகிறது: முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியும்வரை அது கூடாது என்பதே ஃபிக்ஹு எனப்படும் மார்க்கச் சட்டத்துறை அறிஞர்கள் கொள்ளும் அடிப்படை. ஆகவே கொத்தவரை விதையிலிருந்து வந்த பசையை ஹலால் என்று நிரூபிக்கும்படி கடைக்காரரைக் கேட்கத் தேவையில்லை. ஜெலட்டினைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும்.

பன்றித்தோல் இத்தனை இரசாயன மாற்றங்களுக்குப் பிறகு வேறொரு பொருளாகிவிடுகிறதே. பிறகு ஏன் தடை?

இது வீம்புக்குக் கேட்கும் கேள்வி அன்று. அசுத்தமான ஒரு பொருள் தன் தன்மை முழுவதும் மாறி வேறொரு பொருளாகிவிட்டால், பழைய சட்டமும் அதோடு போய்விடுமா என்பது ஃபிக்ஹில் 'இஸ்திஹாலா' என்ற தலைப்பில் பல நூற்றாண்டுகளாகப் பேசப்படுவது. மது தானாகப் புளித்துக் காடியானால் (வினிகரானால்) அது ஹலால் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவாகக் கொள்ளப்படும், இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான இமாம் முஹம்மத் அவர்களின் கருத்துப்படி, உப்பளத்தில் விழுந்த பன்றி உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு தூய்மையானது. சாணம் எரிந்து சாம்பலானால் சாம்பல் தூய்மையானது. மாலிகி அறிஞர்கள் பலரும், ஹன்பலி மரபிலிருந்து வந்த இப்னு தைமிய்யாவும் இதையொட்டியே பேசினார்கள். ஷாஃபிஈ மத்ஹப் இந்த வாசலை மிகக் குறுக்கி வைத்திருக்கிறது. காடியாக மாறும் மது, பதப்படுத்தப்படும் தோல் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அங்கே இடம். அந்தத் தோலிலும் நாய்க்கும் பன்றிக்கும் விலக்கு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈகளே மிகுதி என்பதால், இந்த வேறுபாடு நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

ஆனால் இஸ்திஹாலாவை முழுமையாக ஏற்பவரும் அடுத்த கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: ஜெலட்டினில் உண்மையிலேயே அப்படிப்பட்ட மாற்றம் நடக்கிறதா? 1995ஆம் ஆண்டு மே மாதம் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு நடத்திய கருத்தரங்கு, நடக்கிறது என்று முடிவு செய்தது. அசுத்தமான பிராணியின் எலும்பு, தோல், தசைநார் ஆகியவை மாறி உருவாகும் ஜெலட்டின் தூய்மையானது, உண்ணத் தகுந்தது என்று அது அறிவித்தது. அதற்கு முன்பே, 1986ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதற்கு எதிரான தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்துவது முஸ்லிமுக்கு ஆகுமானதன்று. தாவரங்களிலிருந்தும், முறைப்படி அறுக்கப்பட்ட பிராணிகளிலிருந்தும் கிடைப்பவை இருக்க, அதன் தேவை இல்லை என்பது அந்தத் தீர்மானத்தின் சாரம். ஹலால் சான்றளிக்கும் அமைப்புகள் பின்பற்றுவது அம்மான் முடிவைத்தான்.

தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கும் அம்மான் முடிவே பொருத்தமாகப் படுகிறது. உப்பளத்தில் விழுந்த உடல் உப்பாகும்போது அதில் பன்றி என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. கொலாஜன் ஜெலட்டினாவது அப்படிப்பட்டதன்று. மூன்று புரிகளாக முறுக்கிய கயிறு பிரிந்து தனித்தனி இழைகளாவது போன்றது அது. இழை அறுபடுகிறது, சுருங்குகிறது, ஆனால் அதே அமினோ அமிலங்கள் பெரும்பாலும் அதே வரிசையில் இருக்கின்றன. அதனால்தான் ஆய்வகத்தில் ஒரு மிட்டாயைக் கொடுத்தால், அதிலுள்ள ஜெலட்டின் பன்றியுடையதா மாட்டினுடையதா என்பதை மரபணுத் துணுக்குகளைக் கொண்டோ புரதத் துண்டுகளின் நிறையை அளந்தோ கண்டுபிடிக்கிறார்கள். இன்னும் அடையாளம் காட்டக்கூடிய ஒன்றை முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்வது கடினம். இதற்கு மறுப்பாக, சட்டம் பார்ப்பது நிறம், சுவை, மணம், பெயர் ஆகிய வெளிப்படையானவற்றையே தவிர ஆய்வகக் கருவி காட்டுவதை அன்று என்று குவைத் முடிவை ஆதரிப்போர் சொல்வதுண்டு. அந்த வாதத்துக்கும் எடை உண்டு. அதை எடை போட வேண்டியவர்கள் ஆலிம்கள்.

இந்தியாவில் தயாராவது மாட்டெலும்பு ஜெலட்டின்தானே? பயப்பட என்ன இருக்கிறது?

இந்தியாவில் தயாராகும் ஜெலட்டினுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் எருமை, மாடு ஆகியவற்றின் எலும்பு என்பது உண்மை. பன்றித்தோல் இங்கே அந்தத் தொழிலுக்கு மூலப்பொருளாகப் பெரிதாகச் சேர்வதில்லை. ஆகவே உள்நாட்டு ஜெலட்டினைப் பன்றிக் கொழுப்பு என்று சொல்லிப் பரப்பப்படும் வாட்ஸ்அப் செய்திகள் இரட்டைத் தவறு. ஜெலட்டின் கொழுப்பே அன்று, புரதம்.

ஆனால் எலும்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அறுப்புக் கூடத்திலிருந்தும் வருகிறது. நோயிலும் முதுமையிலும் செத்து, ஊருக்கு வெளியே போடப்பட்ட மாடுகளின் எலும்பைப் பொறுக்கிச் சேர்ப்பவர்களிடமிருந்தும் வருகிறது. மண்டியில் இரண்டும் ஒரே குவியலில் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் பிரிக்க வழியில்லை. குர்ஆனின் 5:3 வசனம் பன்றி இறைச்சிக்கு முன்பே தாமாகச் செத்தவற்றைத் தடைப்பட்டியலில் வைக்கிறது. பன்றி என்றால் பதறி எழும் நாம், செத்த மாடு என்றால் "மாடுதானே" என்று விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

இதிலும் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. எலும்பு, கொம்பு, முடி ஆகியவற்றில் உயிர் ஓடுவதில்லை என்பதால், பன்றி நீங்கலாகச் செத்த பிராணியின் எலும்பு, அதில் பிசுக்கு ஒட்டியிராவிட்டால், அசுத்தமன்று என்பது ஹனஃபிகளின் நிலை. இதை அடிப்படையாகக் கொண்டு மாட்டெலும்பு ஜெலட்டினில் தளர்வாகப் பேசும் ஹனஃபி முஃப்திகள் இருக்கிறார்கள். ஷாஃபிஈகளிடம் செத்த பிராணியின் எலும்பும் நஜீஸ், அதாவது அசுத்தம்தான். தூய்மை வேறு, உண்ணும் அனுமதி வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டாருக்குக் கிடைத்த ஓர் ஆடு செத்துக் கிடந்ததைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்றபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். பதப்படுத்திய தோலில் செருப்பு தைக்கலாம், தண்ணீர்ப் பை செய்யலாம். அதைக் காய்ச்சிக் குடிப்பதற்கு இந்த நபிமொழியிலிருந்து அனுமதி எடுப்பது எளிதன்று.

ஆக, மூலம் தெரியாத இந்திய ஜெலட்டினை ஹராம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஹலால் என்று மனம் அமைதியடையவும் ஆதாரம் இல்லை. ஆலிம்கள் 'மஷ்பூஹ்', அதாவது சந்தேகத்துக்குரியது என்று சொல்வது இதைத்தான். ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே சந்தேகமானவை இருக்கின்றன, அவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது.

மீனிலிருந்து எடுத்த ஜெலட்டின்?

ஹலால். மீனுக்கு அறுப்பு தேவையில்லை. ஷாஃபிஈகள் கடல்வாழ் உயிர்களில் பெரும்பாலானவற்றை அனுமதிக்கிறார்கள்; ஹனஃபிகள் மீனை மட்டும் அனுமதிக்கிறார்கள். திலாப்பியா, காட் போன்றவற்றின் தோலிலிருந்து வருவது என்பதால் இருவருக்கும் பொருந்தும். விலைதான் கூடுதல், உறையும் வலுவும் கொஞ்சம் குறைவு.

பொட்டலத்தில் பச்சைக் குறி இருந்தால் போதுமா?

ஜெலட்டினைப் பொறுத்தவரை போதும். இந்திய விதிகளின்படி பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும் உணவில் பாலும் தேனும் போன்றவை நீங்கலாக விலங்கிலிருந்து வந்த சேர்மானம் இருக்கக் கூடாது. நம் ஊர் மளிகைக் கடைகளில் கிடைக்கும் ஜெல்லிப் பொடிகளில் பச்சைக் குறி உள்ளவை நிறையவே இருக்கின்றன. அவற்றை உறைய வைப்பது பெரும்பாலும் கேரஜீனன் என்ற கடற்பாசிப் பொருள்.

இதன் மறுபக்கத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழுப்புக் குறி இருந்தாலே ஜெலட்டின் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். முட்டை சேர்ந்த கேக்குக்கும் அதே குறிதான். பழைய பொட்டலங்களில் அது பழுப்பு வட்டமாக இருக்கும்; 2020ஆம் ஆண்டின் விதிகள் அதை முக்கோணமாக மாற்றின. அப்போது சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். ஜெலட்டின் சேர்த்தால் அது விலங்கிலிருந்து வந்தது என்று லேபிளில் குறிக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. எந்த விலங்கு, எப்படிச் செத்தது என்பதை அந்த வாசகம் சொல்லாது. பச்சைக் குறியும் மதுச் சாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அது வேறு விசாரணை.

லேபிளில் எண் மட்டுமே இருக்கிறது. எந்த எண் எது?

கெட்டிப்படுத்தும் பொருள்களில் அடிக்கடி கண்ணில் படுபவை இவை. 406 அகர், அதாவது கடல்பாசி. 407 கேரஜீனன். 410 கேரப் மரத்தின் விதைப் பசை. 412 குவார் கம், அதாவது கொத்தவரை விதையின் பசை. இராஜஸ்தானில் பெருமளவு விளைகிறது. 415 சாந்தன் கம். 440 பெக்டின், எலுமிச்சை வகைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது. 466 செல்லுலோஸிலிருந்து செய்யும் பசை. இவற்றில் எதுவும் விலங்குப் பொருள் அன்று. சாந்தன் கம் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஜெலட்டினுக்குச் சர்வதேசப் பட்டியலில் 428 என்ற எண் உண்டு. பல பட்டியல்களில் 441 என்றும் போட்டிருப்பார்கள். ஐரோப்பாவில் அதைச் சேர்க்கைப் பொருளாகக் கருதாமல் உணவாகவே கருதுவதால் எண் போடாமல் பெயரையே எழுதுகிறார்கள். ஆகவே எண்ணைத் தேடிக்கொண்டிருந்து பெயரைத் தவறவிட வேண்டாம். ஐஸ்கிரீமில் 471 என்று ஒன்று தென்படும்; அது கெட்டிப்படுத்துவதற்காகச் சேர்ப்பதன்று, கொழுப்பையும் நீரையும் இணைப்பதற்காகச் சேர்ப்பது. தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பச்சைக் குறி இருந்தால் கவலை இல்லை.

சாந்தன் கம் கிருமியிலிருந்து வருகிறதாம், ஆல்கஹாலிலும் கழுவுகிறார்களாம். அது ஆகுமா?

இரண்டும் உண்மை, இரண்டும் தடைக்குக் காரணமாகாது. முட்டைக்கோஸ் இனச் செடிகளைத் தாக்கும் ஒரு பாக்டீரியா, சர்க்கரைக் கரைசலில் வளரும்போது தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு பசையைச் சுரக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பியோரியா நகரத்து வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்தார்கள். 1969இல் அந்நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. தயிரையும் புளித்த மாவையும் உண்ணும் நாம், கிருமி என்ற சொல்லுக்காக அஞ்ச வேண்டியதில்லை.

அந்தப் பசையை நீரிலிருந்து பிரிக்கப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இது குடிக்கும் மது அன்று; மருத்துவமனையில் ஊசி போடுமுன் தோலில் துடைக்கும் திரவ வகையைச் சேர்ந்தது. உலர்த்தும்போது ஆவியாகிவிடுகிறது. எஞ்சியிருப்பது கிலோவுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. ஒரு பாட்டில் சாஸில் சேரும் சாந்தன் கம்மே சில கிராம்தான் என்னும்போது மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் ஊட்டத்தில் என்ன புரதம் சேர்ந்தது என்று கேட்கும் பேணுதலுள்ளோருக்குச் சான்று பெற்ற சாந்தன் கம் எளிதாகக் கிடைக்கிறது.

கடல்பாசியும் ஜெலட்டினும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதிக் கேள்விகள் நின்றுவிடும். நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில், பால் வெள்ளையிலும் ரோஸ் நிறத்திலும் டைமன் (வைர வடிவ) துண்டுகளாக இருக்கும் கடல்பாசி முழுக்க முழுக்கக் கடல் தாவரம். சைனா கிராஸ், அகர்அகர் எல்லாம் அதன் பெயர்களே. மலேசியா, சிங்கப்பூர்க் குடும்பங்களில் அகர்அகர் என்றால்தான் விளங்கும்.

மன்னார் வளைகுடாக் கரையில், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கண்ணாடி போட்டு மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்க உதவுபவை. அதே கரையில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் இன்னொரு பாசிக்கு மக்கள் வைத்த பெயர் பெப்சிப் பாசி. அந்தக் குளிர்பான நிறுவனம் அதன் வளர்ப்பை அங்கே கொண்டுவந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. கேரஜீனன் அதிலிருந்து வருகிறது. ஆகப் பொட்டலத்தில் 407 என்ற எண்ணைப் பார்த்து மிரளும் ஒருவர், இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் காயும் பாசியைப் பார்த்து மிரள்கிறார் என்றே பொருள்.

சமையலறையில் இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. கடல்பாசி கொதித்தால்தான் கரையும். அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். சித்திரை வெயிலிலும் தட்டில் நிற்கும். கடித்தால் நறுக்கென்று உடையும். ஜெலட்டின் வெதுவெதுப்பான நீரிலேயே கரையும். உறையக் குளிர் வேண்டும். உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகுவதால் வாயில் வைத்ததும் வழுக்கிக் கரையும். பச்சை அன்னாசித் துண்டைப் போட்டால் ஜெலட்டின் உறையாது, ஏனெனில் அப்பழத்தின் நொதி புரதத்தை அறுத்துவிடும்; கடல்பாசி புரதமன்று, எனவே உறையும். விருந்தில் கொடுத்த புட்டிங்கை இந்த அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கலாம். ஊகம் மட்டுமே, இரண்டையும் கலந்து செய்பவர்களும் உண்டு.

மருந்துக் கூடுகளும் தடுப்பூசிகளும்?

கேப்ஸ்யூல் என்று நாம் சொல்லும் மருந்துக் கூடுகளில் பெரும்பாலானவை ஜெலட்டின்தான். தாவர செல்லுலோஸிலிருந்து செய்யும் கூடுகளும் சந்தையில் இருக்கின்றன. சத்து மாத்திரைகளில் அவை இப்போது பரவலாகியிருக்கின்றன. அதே மருந்து மாத்திரையாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. கிடைக்காதபோது, கட்டாயத்துக்கு ஆளானவர் வரம்பு மீறாமலும் விரும்பிச் செய்யாமலும் இருந்தால் குற்றமில்லை என்ற 2:173 வசனத்தை ஆலிம்கள் சுட்டுகிறார்கள். சிலர் கூட்டைப் பிரித்து உள்ளிருக்கும் பொடியை மட்டும் விழுங்குகிறார்கள். இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. சில மருந்துகள் இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரைய வேண்டும் என்பதற்காகவே கூட்டுக்குள் வைக்கப்படுகின்றன. சில, தொண்டையைப் புண்ணாக்கும்.

தட்டம்மைத் தடுப்பூசிகளில் சிலவற்றிலும், மூக்கில் தெளிக்கும் ஃபுளூ தடுப்பு மருந்திலும் மருந்து கெடாமல் இருக்கப் பன்றி ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. மேலே சொன்ன 1995ஆம் ஆண்டு குவைத் முடிவை, உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி அலுவலகம் 2001இல் ஒரு கடிதத்தின் வழியே எடுத்துக்காட்டியது. உணவில் அந்த முடிவை ஏற்காத அறிஞர்கள் பலரும் தடுப்பூசியில் வேறு வழியில் அனுமதிக்கு வருகிறார்கள்: அது உண்ணுவதன்று, உயிர்காக்கும் தேவை. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஜெலட்டின் இல்லாத தட்டம்மைத் தடுப்பூசியும் இருப்பதால், அங்குள்ள பெற்றோர் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். மிட்டாயில் காட்ட வேண்டிய கண்டிப்பைக் குழந்தையின் தடுப்பூசியில் காட்டித் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மிட்டாய்களை என்ன செய்வது?

நிறுவனத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், தயாரான நாட்டைப் பாருங்கள். உலகெங்கும் விற்கும் ஒரு கரடி மிட்டாய் ஜெர்மனியில் பன்றி ஜெலட்டினிலும், துருக்கியில் ஹலால் மாட்டு ஜெலட்டினிலும் தயாராகிறது. பொட்டலத்தின் முகம் ஏறக்குறைய ஒன்றே. யூதர்களின் கோஷர் முத்திரையும் இதற்குத் தீர்வாகாது. எலும்பும் தோலும் மாறிவிட்டன என்ற வாதத்தை ஏற்று ஜெலட்டினில் தளர்வு காட்டும் ரப்பிகள் சிலர் அவர்களிலும் இருக்கிறார்கள்.

எந்தச் சான்றிதழை நம்பலாம்?

மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் ஆகிய அரசு சார்ந்த அமைப்புகள் சான்றளிக்கின்றன. இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அளித்துவந்த சான்று, 2013இல் எழுந்த எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பிறகு கைவிடப்பட்டு, 2014 முதல் ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் அப்பணியைச் செய்கிறது. இந்தியாவில் அரசு முத்திரை என்று ஒன்று இல்லை. தனியார் அமைப்புகளும் ஜம்இய்யத் உலமா போன்றவற்றின் அறக்கட்டளைகளும் அளிக்கின்றன.

எந்த முத்திரையானாலும் வெறும் 'ஹலால்' என்ற அரபு எழுத்து போதாது; சான்றளித்தவர் பெயர் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பேக்கரியில் மூஸ் கேக்கைக் காட்டி ஜெலட்டின் எது என்று கேட்டேன். "ஹலால்தாண்ணே" என்ற கடைப் பையன், நான் விடாமல் கேட்டதும் உள்ளே போய் டப்பாவையே எடுத்துவந்தான். அதில் இறக்குமதியாளர் ஒட்டிய விலைச் சீட்டு சேர்மானப் பட்டியலை முழுதாக மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டிப் படித்தபோது, பன்றி என்று எழுதியிருந்தது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். என்ன செய்ய வேண்டும்?

குற்றமில்லை. தவறுதலாகச் செய்வதில் உங்கள் மீது குற்றமில்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்வதில்தான் என்று 33:5 வசனம் சொல்கிறது. பரிகாரமோ வாந்தி எடுப்பதோ தேவையில்லை. தெரிந்த பிறகு தவிர்த்தால் போதும்.

ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடல்பாசி போட்டால் அளவு என்ன?

அரை லிட்டர் திரவத்தை உறைய வைக்க ஜெலட்டின் என்றால் 7 முதல் 10 கிராம் வேண்டும். கடல்பாசிப் பொடி என்றால் சுமார் 4 கிராம் போதும். நாராக வரும் கடல்பாசி 5 அல்லது 6 கிராம். நாரை வெட்டிக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீரில் ஓர் இழைகூடக் கண்ணில் படாத அளவு கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். பாலைச் சர்க்கரையுடன் தனியாகக் காய்ச்சிச் சூடாகவே சேர்க்க வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் சேருமுன்பே திரிதிரியாகிவிடும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்க்கவும், புளிப்போடு கொதித்தால் பாசி வலுவிழக்கும். இளநீரில் செய்பவர்கள் பாசியை மிகக் குறைந்த தண்ணீரில் கரைத்துக்கொண்டு, இளநீரைக் கொதிக்க விடாமல் வெதுவெதுப்பாக்கிக் கடைசியில் ஊற்றுவார்கள். கொதித்த இளநீரில் மணம் தங்காது.